பொதுப் பார்வையாளருக்குப் புரிந்துவிட்ட படம்

“இதுல எதை, எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

அவளை யாரும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. படச்சட்டக் கடையில் வேலை. வருகிறவர்கள் முதலாளியிடம் பேசுவார்கள், இவளிடம் படத்தை நீட்டுவார்கள். அளவெடுத்து, மரத்தை மூலைக்குச் சாய்வாக அறுத்து, ஒட்டி, கண்ணாடி போட்டுக் கொடுத்துவிடுவாள். அதனால் கலைக்கழகத்தின் துணை இயக்குநர் நீள மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இப்படிக் கேட்டபோது, ஏதோ திருட்டுக் கேஸில் மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தாள்.

“எதையும் ஒளிக்கலைங்க.”

“பயப்படாதீங்கம்மா. இங்க எல்லாரும் நம்ம மனுஷங்கதான். தைரியமாச் சொல்லுங்க.”

“நிஜமாவே ஒளிக்கலைங்க.”

துணை இயக்குநர் திரும்பிக் குறியீட்டு நிபுணரைப் பார்த்தார். நிபுணர் அதுவரை படத்தின் கீழ் மூலையில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். முட்டி சொடக்கெடுக்க எழுந்து, உதட்டைப் பிதுக்கினார்.

“ஒண்ணுமே அகப்படல சார். நாற்காலிக் கால் வரைக்கும் பாத்துட்டேன். நாற்காலிக் கால் நாற்காலிக் காலாத்தான் இருக்கு.”

படம் மேஜைமேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு சின்னச் சமையலறை. காலை வெயில். பேருந்து ஓட்டுநரின் நீலச் சட்டை போட்ட ஒரு பெண், நாற்காலியில் அரசியைப் போலச் சாய்ந்து, ஒரு காலை எதிரே உட்கார்ந்திருப்பவளின் மடியில் நீட்டியிருந்தாள். வாய் நிறைய ரொட்டி, அதோடு ஒரு சிரிப்பு. எதிரே இருந்தவள் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு, நுனிநாக்கைக் கடித்தபடி, கட்டைவிரல் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். படத்தின் பெயர் ‘ஞாயிற்றுக்கிழமை’.

நகம் வெட்டுகிறவள் இவளேதான். வீட்டில் இவளுக்குக் கோட்டான் என்று பெயர். பேசாமல் உட்கார்ந்து கண்ணை உருட்டி உருட்டி எல்லாவற்றையும் பார்ப்பதால் வந்த பெயர். வைத்தவள், படத்தில் காலை நீட்டியிருப்பவள். அவளுக்கு டிப்போவில் ஹாரன் என்று பெயர். வண்டியில் இருப்பதைவிட அவள் தொண்டையில் இருப்பது தூரம் கேட்கும். இருவரும் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஒரே சோப்பைத் தேய்த்துக்கொண்டு பல வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். சண்டை வந்தால் சோப்பு மட்டும் இரண்டாகும்.

கோட்டான் செய்த தப்பு ஒன்றே ஒன்று. கழகத்தின் அறிவிப்பை, அதில் எழுதியிருந்தபடியே புரிந்துகொண்டாள்.

கழகம் ஆண்டுதோறும் ஒரு கண்காட்சி நடத்தும். ‘ஒளிந்திருக்கும் காதல்: சமகால ஓவியத்தில் தன்பாலின மறைகுறிகள்.’ பெண்ணை விரும்பும் பெண்ணும் ஆணை விரும்பும் ஆணும் ஓவியங்களில் எப்படிப் பழமாகவும் பூவாகவும் பாதி திறந்த இழுப்பறையாகவும் ஒளிந்திருக்கிறார்கள் என்று காட்டுவது நோக்கம். துணிச்சலான கண்காட்சி என்று கழகமே அழைப்பிதழில் அச்சடித்துவிடும், பத்திரிகைகளுக்கு யோசிக்கிற வேலை மிச்சம். அந்தப் படங்களுக்கெல்லாம் சட்டம் போட்டவள் கோட்டான்தான். இவ்வளவு பழம் எதற்கு என்று அவளுக்குப் புரிந்ததே இல்லை. இந்த முறை கடை வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பில், ‘தன்பாலினத்தவர் வாழ்க்கையைச் சொல்லும் ஓவியங்கள் வரவேற்கப்படுகின்றன’ என்று படித்தாள். வரவேற்கிறார்கள் என்றால் போகலாம் என்று நினைத்துவிட்டாள்.

அதற்கு ஹாரன் காட்டிய குஷி கொஞ்சநஞ்சமல்ல.

“என் மூஞ்சி சுவத்துல தொங்கப் போகுது! அக்காவைக் கூட்டிட்டு வரேன்டி.”

ஹாரனுக்கு அக்கா என்றால் அம்மா மாதிரி. அம்மா போன பிறகு தலைவாரிவிட்டதும் காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அக்காதான். எதையும் பட்டென்று போட்டு உடைக்கிற ஹாரன், அக்காவிடம் மட்டும் கோட்டானை ‘வாடகையில பாதி குடுக்கிற பொண்ணு’ என்றே சொல்லி வைத்திருந்தாள்.

“எத்தனை வருஷம்டி வாடகைன்னே சொல்றது? அக்கா உனக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருச்சு. நீ போயிட்டா நல்ல குடித்தனமா ஒருத்தியைப் பிடிச்சுத் தரேன்னு வேற சொல்லுது.”

“நீ என்ன சொன்ன?”

“சரிக்கான்னேன். வேற என்ன சொல்றது? ஊரையே வாயால ஓரங்கட்டிருவேன், அது முன்னாடி நின்னா நாக்கு மேல ஒட்டிக்குது.” ஹாரன் படத்தைக் காட்டினாள். “படத்தைப் பாத்தா அதுவே புரிஞ்சுக்கும். நகம் வெட்டுறதுக்கு யாரும் வாடகையைக் குறைக்க மாட்டாங்கன்னு அதுக்குத் தெரியும். நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம், பக்கத்துல நின்னா போதும். நீ மட்டும் படத்தை மாட்டிரு.”

அந்தப் படத்தைத்தான் இப்போது நாற்காலிக் கால்வரை சோதித்துவிட்டார்கள்.

“சரி, முறைப்படி பாத்துருவோம்,” என்றார் துணை இயக்குநர். “பொதுப் பார்வையாளரைக் கூப்பிடுங்க.”

பொதுப் பார்வையாளர் என்பது கழகத்தில் ஒரு பதவி. கலை பற்றிக் கழகம் நடத்திய எழுத்துத் தேர்வில் பூஜ்யம் வாங்கியவர் கணக்கர் ஒருவர்தான் என்பதால் அந்தப் பொறுப்பு அவரிடம் போயிற்று. படித்தொகை உண்டு. கண் கெட்டுப்போகக் கூடாது என்று அவர் காட்சிக்கூடத்துக்குள் நுழையத் தடை. தாழ்வாரத்தில்கூடச் சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நடக்க வேண்டும். கணக்கருக்கு இதில் பெருமை. வீட்டில் நாட்காட்டிப் படத்தைக்கூடத் திருப்பி மாட்டியிருப்பதாகச் சொல்லிக்கொள்வார்.

சோதனை எளிது. திரையை விலக்குவார்கள், மணி அடிக்கும், அவர் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். அவருக்குப் புரியாவிட்டால் படம் தேர்வு. புரிந்துவிட்டால் படம் திரும்பப் போகும். மறைகுறி என்றால் மறைந்திருக்க வேண்டுமே.

தரையைப் பார்த்தபடி உள்ளே வந்த கணக்கர், மணி அடித்ததும் நிமிர்ந்தார்.

“அட,” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. “புருஷன் பொண்டாட்டி மாதிரி இருக்காங்க ரெண்டு பேரும். நகம் வெட்டிவிடுது அந்தப் பொண்ணு. இந்தப் பொண்ணுக்குக் கூச்சம், ஆனா காலை எடுக்க மாட்டேங்குது. நல்லாருக்குங்க.”

நிபுணர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நல்லாருக்குன்னு சொல்ற அதிகாரம் உங்களுக்கு இல்லை,” என்றார் துணை இயக்குநர். கணக்கர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

“பாத்தீங்களாம்மா? ஒரே பார்வையில் தெரிஞ்சுபோச்சு. இப்படி இருந்தா எப்படி மாட்டுறது?”

“தெரியணும்னுதாங்க வரைஞ்சேன்.”

நிபுணருக்கு இதைக் கேட்டதும் தாங்கவில்லை. “நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாமே தெரிஞ்சுட்டா அப்புறம் நாங்க எதுக்கு? இந்தக் கழகத்துல மறைபொருள் துறைன்னு ஒரு துறை இருக்கு. ஆராய்ச்சி மாணவங்க இருக்காங்க. பேரிக்காயைப் பத்தியே ஒரு பொண்ணு இத்தனை வருஷமா எழுதிட்டு இருக்கா, இன்னும் காம்புக்கு வரலை. நீங்க பாட்டுக்கு நகத்தை வெட்டிட்டுப் போயிட்டா அவ வயித்துல அடிச்ச மாதிரி இல்லையா?”

கோட்டானுக்கு அந்தப் பெண்ணை நினைத்து வருத்தமாக இருந்தது. “மன்னிச்சுக்கங்க,” என்றாள்.

மன்னிப்புக் கேட்டதுதான் தாமதம், எல்லோரும் கனிந்துவிட்டார்கள். படத்தைத் தள்ளிவிட மனமில்லை என்றும், வண்ணம் நன்றாக இருக்கிறது என்றும், கொஞ்சமே கொஞ்சம் மறைத்தால் போதும் என்றும் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். முதலில் கால். காலை மடியிலிருந்து எடுத்துவிட்டு, அங்கே ஒரு ஷூவை மட்டும் வைக்கலாமே? கால் இல்லாத ஷூ ஆழமானது.

கடைக்கு வந்து முதலாளியிடம் சொன்னாள். அவர் பசை டப்பாவை மூடியபடி, “கழகத்து வேலை போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான். ஒரு காலுதானே, எடுத்துரு,” என்றார்.

அவளுக்குக் கடைகூடப் பெரிதாகத் தெரியவில்லை. படம் திரும்பி வந்துவிட்டால் அக்காவுக்கு எதைக் காட்டுவது? கால் போனாலும் சிரிப்பு இருக்கிறதே. கடையின் பின்கட்டில் உட்கார்ந்து காலை மூடினாள்.

“படம் எடுத்துக்கிட்டாங்களாடி?” என்று ஹாரன் சாயங்காலம் கேட்டாள்.

“கொஞ்சம் சரிபண்ணச் சொல்றாங்க.”

“மூஞ்சி இருக்குல்ல?”

“இருக்கு.”

அன்றைக்கு அது உண்மை.

அடுத்த சோதனையில் கணக்கர் ஷூவைப் பார்த்தார், முகங்களைப் பார்த்தார். “சிரிக்கிற சிரிப்புலயே தெரியுதேங்க,” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருக்கே சங்கடமாக இருந்தது. சிரிப்பவளை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைக்கும்படி குழு சொன்னது. கோட்டான் திருப்பினாள். கணக்கர் வந்தார். “முதுகைப் பாத்தா, சண்டை போட்டுட்டு இப்பத்தான் ராசியான மாதிரி இருக்கு. என் சம்சாரம் இப்படித்தான் உக்காரும்.”

“உங்க சம்சாரத்தை இதுல இழுக்காதீங்க,” என்றார் நிபுணர்.

“இழுக்கலைங்க, தானா வருது.”

ஆளையே எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. காலி நாற்காலி, அதன் முதுகில் நீலச் சட்டை. ‘இல்லாமை’ என்பது மிகப் பெரிய இருப்பு என்று நிபுணர் விளக்கினார். இந்த வாக்கியம் அவருடைய புத்தகத்தில் நான்கு இடங்களில் வருகிறதாம். கோட்டான் அன்று பின்கட்டில் வெகுநேரம் தூரிகையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, ஆளை அழிக்கவில்லை, மேலே பூசத்தான் போகிறோம், பூச்சுக்குக் கீழே அவள் அப்படியே இருப்பாள் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். கண், மூக்கு, ரொட்டி அடைத்த வாய் என்று ஒவ்வொன்றாக மூடினாள். வாயை மூட மட்டும் வண்ணத்தை இரண்டு முறை பூச வேண்டியிருந்தது.

கணக்கர் மணியடித்ததும் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். “யாரோ எழுந்து போயிருக்காங்க. இந்தப் பொண்ணு, அவங்க வரட்டும்னு காத்துட்டு இருக்கு. பாவங்க.”

நிபுணர் பூதக்கண்ணாடியை மேஜைமேல் போட்டார். “இவருக்கு யாரோ சொல்லிக் குடுக்குறாங்க!”

இப்படி விஷயம் முற்றியதால் கழகத் தலைவரே வந்தார். வெள்ளைத் தலைமுடி, கனிவான குரல். பேச ஆரம்பித்தால் இடையில் தண்ணீர் குடிக்கும்போதுகூட யாரும் குறுக்கே பேசக் கூடாது என்பது விதி. கோட்டானின் கைகளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“அம்மா, நாங்க பிற்போக்குவாதிங்க இல்லை. இந்த மாதிரி மனுஷங்க மேல எனக்குத் தனி மரியாதை. அவங்களுக்காகத்தான் இந்தக் கண்காட்சியே. வருஷா வருஷம் அவங்க வேதனையைக் கொண்டாடிட்டு வரோம். இதுவரைக்கும் ஒரு புகார் கிடையாது. ஏன்? அவங்க யாரும் நேர்ல வந்ததில்லை. ஒளிஞ்சிருந்தாங்க, நாங்க கண்டுபிடிச்சோம், ரெண்டு பக்கமும் சுமுகமாப் போச்சு. இப்ப நீங்க நேரா வந்து நான் இங்க இருக்கேன்னா, நாங்க எதைக் கண்டுபிடிக்கிறது? தேடுறவங்களோட மனசையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.”

தலைவரின் கண் கலங்கியது. கோட்டான் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

வெளியே தாழ்வாரத்தில், தொடர்ந்து மூன்று ஆண்டாகப் பரிசு வாங்கிய பேரிக்காய் ஓவியர் உட்கார்ந்திருந்தார். கோட்டான் சட்டம் போட்ட படங்களில் பாதி அவருடையவை. பக்கத்தில் மனைவி, மடியில் குழந்தை.

“உங்க பேரிக்காயில என்னங்க ஒளிச்சீங்க?” என்று அவரிடமே கேட்டுவிட்டாள்.

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மொதல் தடவை வீட்டுல அந்தப் பழம்தான் இருந்துச்சும்மா. வரைஞ்சேன். பரிசு குடுத்து, தைரியசாலின்னாங்க. அதுக்கப்புறம் ஒரு ஆப்பிள் வரையலாம்னா விட மாட்டேங்குறாங்க. பின்வாங்குறியான்னு கேக்குறாங்க.”

“நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா,” என்றாள் அவர் மனைவி. “எங்க அப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டு, நீ சந்தோஷமாத்தான் இருக்கியான்னு கேக்குறாரு.”

கடைசியில் வழி சொன்னவர் நிபுணர். குடை. நாற்காலி, சட்டை, காத்திருக்கும் பெண் எல்லாம் கணக்கருக்குப் புரிந்துவிடுகின்றன. குடை என்றால் அவர் மழையைத்தான் நினைப்பார். கோட்டான் குடையை வரைந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன்னையும் மூடினாள். முதலில் தன்னை விட்டுவைத்துத்தான் பார்த்தாள். கணக்கர், “குடைக்கு வாழ்க்கைப்பட்ட பொண்ணு மாதிரி இருக்கு,” என்றதால் அதுவும் போயிற்று. நகவெட்டி, ரொட்டி, ஜன்னல், எல்லாம் சாம்பல் நிறத்துக்குள் போயின.

கணக்கர் வந்தார். மணி அடித்தது.

“குடை,” என்றார்.

“வேற?”

“குடைதாங்க.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஏதாவது உறவு, பாசம், ஏக்கம்...”

கணக்கர் நேர்மையாக முயன்றார். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “மன்னிச்சுக்கங்க. குடையைத் தவிர ஒரு மண்ணும் தெரியலை.”

குழுவினர் எழுந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். நிபுணர் கோட்டானிடம், “சாதிச்சுட்டீங்க!” என்றார். கணக்கர் மட்டும் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, “அந்த நகம் வெட்டுற பொண்ணுங்க படம் என்னாச்சுங்க?” என்று கேட்டார். தரையைப் பார்த்து நடக்கும்படி துணை இயக்குநர் சைகை காட்டினார்.

கோட்டான் அன்றைக்கே ஹாரனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வீட்டுக்கு ஓடி வந்தாள். ஹாரன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா வரேன்னுருச்சுடி! படத்துல போட்டிருக்கிற சட்டையையே போட்டுக்கிட்டு நிக்கப் போறேன். மூஞ்சி மறந்துபோச்சுன்னாலும் சட்டையைப் பாத்தாவது அடையாளம் தெரியட்டும்.”

“ஏய்...”

“என்ன?”

“ஒண்ணுமில்ல. காலர்ல சுருக்கம் இருக்கு.”

திறப்பு விழா கழகத்தின் பெரிய கூடத்தில். வரிசையாக நாற்காலிகள், மேடை, ஒலிவாங்கி. ஓவியர்களை மேடையில் ஏற்றி உட்கார வைத்துவிட்டார்கள். பேரிக்காய் ஓவியருக்கும் தலைவருக்கும் நடுவில் கோட்டான். அங்கிருந்து பார்த்தபோது ஹாரன் உள்ளே வருவது தெரிந்தது. நீலச் சட்டை மடிப்புக் கலையாமல் நின்றது. கையைப் பிடித்துக்கொண்டு அக்கா. கைப்பையை நெஞ்சோடு அணைத்து, விலை கேட்கப் பயப்படுகிறவளைப் போல நடந்தாள்.

“பொறுமையா வாக்கா. இங்கதான் எங்கேயோ நான் சிரிச்சுட்டு இருப்பேன்,” என்று ஹாரன் சொன்னது மேடைக்கே கேட்டது.

ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். பேரிக்காய். பூட்டு. இழுப்பறை. ஒரு கையுறை. மறுபடி பேரிக்காய். குடையைக் கடந்து போய்விட்டார்கள். கடைசிப் படத்திலிருந்து திரும்பி, மறுபடி முதலிலிருந்து வந்தார்கள். ஹாரனின் நடை இப்போது வேகமாக இருந்தது. குடைக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையில் கோட்டானின் பெயரைப் பார்த்துவிட்டு நின்றாள். ‘தலைப்பற்றது’ என்று இருந்தது.

“இதுவா?” என்றாள் அக்கா. “உன் மூஞ்சின்ன?”

“இரு, அக்கா. எங்கேயாவது இருக்கும்.”

நிபுணர் ஒரு கோலோடு அங்கே வந்து சேர்ந்தார். அக்காவைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம். “வாங்கம்மா. என்ன தெரியுது? குடையா? எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. திறக்காத குடைன்னா சொல்லாத காதல். தரை காஞ்சிருக்கு பாருங்க, அதுதான் ஏக்கம். இந்த இடத்துல மட்டும் வண்ணம் தடிப்பா இருக்கே, கவனிச்சீங்களா? அது அடக்கி வெச்ச உணர்ச்சி.”

ஹாரன் அந்தத் தடிப்புக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். பக்கவாட்டு வெளிச்சத்தில், சாம்பல் நிறத்துக்கு அடியில் ஒரு கன்னத்தின் மேடு, ரொட்டி அடைத்த வாயின் உப்பல். நெடுநேரம் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். கோட்டான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அம்மா, படத்தை மறைக்காதீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றார் நிபுணர். “பின்னாடி இருக்கிறவங்களுக்குத் தெரியணும்ல.”

ஹாரன் நகரவில்லை.

மேடையில் துணை இயக்குநர், கழகம் யாரையும் ஒதுக்குவதில்லை என்றும், ஒளிந்திருப்பவர்கள் அனைவருக்கும் இங்கே போதுமான இடம் இருக்கிறது என்றும் பேசி முடித்து, “இந்த ஆண்டின் சிறந்த மறைகுறி” என்று அறிவித்தார். கோட்டானின் கையில் ஒரு கேடயம் வந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பேரிக்காய் ஓவியரின் மடியில் வைத்தாள். ஒலிவாங்கி முன்னால் நிறுத்தினார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் என்று தலைவர் காதருகே சொன்னார்.

கூடத்தின் கோடியில் நீலச் சட்டை அப்படியே நின்றது.

“அது குடை இல்லைங்க,” என்றாள் கோட்டான். தன் குரல் நாலு சுவரிலிருந்தும் திரும்பி வந்ததில் திடுக்கிட்டு, கொஞ்சம் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தாள். “அங்க நிக்கிறாளே, நீலச் சட்டை போட்டுக்கிட்டு, அவதான் அது. அவளும் நானும் குடும்பம் நடத்துறோம். நான் வாடகைக்கு இருக்கிற பொண்ணு இல்லை. ஞாயித்துக்கிழமை அவளுக்கு நகம் வெட்டிவிடுவேன். அதைத்தான் வரைஞ்சேன். மூடச் சொன்னாங்க, நானும் மூடிட்டேன். அவ அடியில இருக்கா.”

அக்காவின் கைப்பை நழுவிக் கீழே விழுந்தது. பின்வரிசையில், விழாவுக்கு மட்டும் அனுமதி பெற்று வந்திருந்த கணக்கர் துள்ளி எழுந்தார். “நான் அன்னைக்கே சொன்னேனே!”

“பொதுப் பார்வையாளர் பொதுவில் பேசக் கூடாது, உட்காருங்க!” என்றார் துணை இயக்குநர். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. தலைவரைப் பார்த்தார்.

தலைவருக்கு அனுபவம் இருந்தது. அவர் மெதுவாக எழுந்து, கோட்டானின் தோளில் கை போட்டு, ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“கேட்டீங்களா?” என்றார். குரல் தழுதழுத்தது. “நகம், நீலச் சட்டை, வாடகை! என்ன அற்புதமான உருவகம்! குடும்பம் என்கிற சொல்லை இவ்வளவு பூடகமா யாரும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. இந்தக் கலைஞர் நம்ம முன்னாடி நின்னு பேசும்போதுகூட ஒளிச்சுக்கிட்டேதான் பேசுறார்!”

கூடம் மூச்சு விட்டது. கைதட்டல் முதலில் அங்கங்கே கேட்டது, பிறகு எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். “இல்லைங்க,” என்று கோட்டான் சொன்னாள். “நிஜமாத்தாங்க,” என்றும் சொன்னாள். ஒலிவாங்கி தலைவரிடம் இருந்தது. நிபுணர் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ‘வாடகை’ என்பது எதைக் குறிக்கிறது என்று ஓர் ஆராய்ச்சி மாணவியிடம் விவாதிக்கத் தொடங்கினார். புகைப்படக்காரர் ஹாரனிடம் ஓடிவந்து, குடைக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிழலாகப் பார்த்து, முகம் தெரியாதபடி நிற்க முடியுமா என்று கேட்டார்.

அக்கா குனிந்து கைப்பையை எடுத்தாள். நெஞ்சில் கை வைத்து நீளமாக மூச்சு விட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, முகத்தில் சிரிப்பு.

“ஒரு நிமிஷம் என் உயிரே போயிட்டு வந்துச்சுடி. உருவகமாம்! அந்தப் பெரியவர் சொல்லிட்டாரு. நல்லவேளை, நான் நிஜம்னு நினைச்சுட்டேன்.” சொல்லிவிட்டு, கைப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவளும் தட்டினாள்.

ஹாரன் வாயைத் திறந்தாள். அக்காவைப் பார்த்தாள். தட்டிக்கொண்டிருந்த அந்தக் கைகளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு மேடையைப் பார்த்தாள். கோட்டான் அங்கிருந்து இறங்க முயன்றுகொண்டிருந்தாள். புகைப்படத்துக்காக அவளை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். அவள் கூப்பிட்டது உதட்டசைவில் தெரிந்தது. கைதட்டலில் கேட்கவில்லை.

ஹாரன் திரும்பி நாற்காலிகளுக்கு நடுவே நடந்தாள். நின்று தட்டிக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டார்கள், அவளைப் பார்த்தும் தட்டினார்கள். கதவருகே ஒருவர், வருகையாளர் கருத்து ஏட்டில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போகும்படி பேனாவை நீட்டினார். ஹாரன் பேனாவை வாங்கினாள். ஒரு கணம் அதைக் கையில் வைத்துப் பார்த்தாள். அவருடைய சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகிவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.